கம்பளியை மழித்த கத்தி

இங்கிலாந்தின் மேற்கே, குளோஸ்டர்ஷயர் மாவட்டத்தில், ஸ்ட்ரவுட் என்று ஒரு பள்ளத்தாக்கு ஊர். 1830 வாக்கில் அங்கே ஓடிய ஓடைகளின் கரையெல்லாம் கம்பளி ஆலைகள். பிரிட்டிஷ் ராணுவத்தின் சிவப்புச் சட்டைகளுக்கு அங்கிருந்து துணி போனது. பகலெல்லாம் தறிச்சத்தம், இருட்டியதும் ஊர் அடங்கிவிடும். அந்த ஆண்டில் பக்கத்துச் சிற்றூரான த்ரப்பில் மட்டும் ஒரு மனிதர், ஊர் உறங்கிய பிறகு கனமான இரும்புச் சட்டம் ஒன்றை இருட்டில் தள்ளிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார் என்று ஒரு கதை அந்த வட்டாரத்தில் உண்டு. பகலில் தள்ளினால் பைத்தியம் என்று சிரிப்பார்கள் என்ற கூச்சம்தான் காரணம் என்பார்கள் சிலர். யோசனையை எவனாவது திருடிவிடுவான் என்ற பயம் என்பார்கள் வேறு சிலர். பயம் என்பதையே நம்பத் தோன்றுகிறது, ஏனென்றால் அந்த யோசனையே இன்னொரு இடத்திலிருந்து வந்ததுதான்.

மனிதரின் பெயர் எட்வின் பியர்ட் பட்டிங். தச்சுவேலையில் தொடங்கி இரும்புவேலைக்கு மாறியவர். ஆலைகளில் இயந்திரம் பழுதானால் கூப்பிடுவார்கள். போய்ச் சரிசெய்துவிட்டு வருவார். அப்படிப் போன இடங்களில் ஒரு குறிப்பிட்ட இயந்திரத்தின் முன்னால் அவர் கொஞ்சம் அதிக நேரம் நின்றிருக்க வேண்டும்.

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கியதும் சட்டைக்கு ஆகிவிடாது. காய்ந்த முட்பூக்களால் அதைச் சீவி, மேலே ரோமத்தைக் கிளப்ப வேண்டும். கிளம்பிய ரோமம் ஏற்றமும் இறக்கமுமாக நிற்கும். அதை ஒரே மட்டத்துக்குக் கத்தரித்தால்தான் துணிக்கு வழுவழுப்பு வரும். தூக்கவே திணறவைக்கும் பெரிய கத்தரிகளால் இதைக் கையால் செய்துவந்த ஒரு கூட்டம் இருந்தது. நல்ல கூலி, நல்ல செருக்கு. அந்த வேலைக்கு இயந்திரம் வந்தபோது, 1812இல் யார்க்‌ஷயரில் அவர்கள் இரவில் சம்மட்டியோடு கிளம்பி ஆலைகளுக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். தூக்குமரம் வரை போன கதை அது. ஆனால் இயந்திரம் போகவில்லை. 1815இல் ஸ்ட்ரவுட்டை ஒட்டிய பிரிம்ஸ்கோம்ப் ஆலையின் ஜான் லூயிஸ் இன்னும் கூர்மையான ஒன்றைக் கொண்டுவந்தார். ஓர் உருளையைச் சுற்றிச் சுருளாக வளைந்த கத்திகள், கீழே அசையாத ஒரு தகடு. உருளை சுழலும்போது கத்தியும் தகடும் உரசும் இடத்தில் ரோமம் சீராக அறுபட்டு விழுந்தது.

பட்டிங் பார்த்துக்கொண்டு நின்றது இதைத்தான். ஆலையில் கத்தி ஒரே இடத்தில் சுழன்றது, துணிதான் அதைத் தேடி வந்தது. துணி அசையாமல் கிடந்து, கத்தி அதைத் தேடிப் போனால்? அதுவும் அந்தத் துணி பச்சை நிறத்தில், ஏக்கர் கணக்கில், தரையோடு தரையாக விரிந்து கிடந்தால்?

பச்சைத் துணி என்று அன்றைய இங்கிலாந்தில் பஞ்சமே இல்லை. பிரபுக்களின் மாளிகைகளுக்கு முன்னால் புல்தரை விரித்திருப்பது அந்தஸ்தின் அடையாளம். அதை ஒட்ட வெட்டிவைக்க ஆள் உயரப் பிடி கொண்ட வளைந்த அரிவாள்களோடு ஒரு படை வேண்டும். பனி உலர்ந்தால் புல் அரிவாளுக்கு வளைந்து கொடுத்துவிடும் என்பதால், விடியலுக்கு முன்பே ஈரப் புல்லில் வேலை தொடங்கும். பின்னாலேயே பெண்கள் கூட்டி அள்ளுவார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அரிவாள் வீசிய வட்டங்கள் தரையில் தெரியும். அப்படியொரு படையை வைத்துக்கொள்ள முடியாதவர்கள் ஆடுகளை மேய விட்டார்கள். ஆடுகள் வெட்டியதைவிட விட்டுச் சென்றதுதான் அதிகம்.

யோசனை பட்டிங்கிடம் இருந்தது, பணம் இல்லை. த்ரப்பில் ஃபீனிக்ஸ் என்ற இரும்பு வார்ப்புப் பட்டறை வைத்திருந்த ஜான் ஃபெராபியிடம் பணம் இருந்தது. 1830 மே 18 அன்று இருவரும் ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். செலவு ஃபெராபியுடையது, லாபத்தில் பங்கு இருவருக்கும். ஆகஸ்ட் 31 அன்று காப்புரிமை கிடைத்தது. 19 அங்குல அகலத்துக்கு வெட்டும் இயந்திரம் அது. பின்னால் தரையில் உருளும் கனமான இரும்பு உருளை ஒருமுறை சுற்றினால், பல்சக்கரங்கள் வழியாக முன்னாலிருக்கும் கத்தி உருளை 16 முறை சுற்றும். வெட்டுண்ட புல் முன்னால் ஒரு தட்டில் போய் விழும். ஈரம் தேவையே இல்லை. காய்ந்த புல்லைத்தான் அது நன்றாக வெட்டியது. விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டிய கட்டாயமும் அத்தோடு போனது. ஒரே ஒரு சங்கடம், பாரம். பின்னாலிருந்து ஒருவர் தள்ள, முன்னாலிருந்து இன்னொருவர் இழுக்கவென்று தனிப் பிடியே வைக்க வேண்டியிருந்தது.

தொடக்கத்திலேயே வாங்கியவர்களில் லண்டன் ரீஜன்ட் பூங்காவின் விலங்கியல் தோட்டமும், ஆக்ஸ்ஃபர்டின் சில கல்லூரிகளும் இருந்தன. அரிவாளும் துடைப்பமுமாக ஆறு முதல் எட்டுப் பேர் செய்யும் வேலையை இது செய்கிறது என்று விலங்கியல் தோட்டத்து மேஸ்திரி சான்று கொடுத்தார். பட்டிங்கோ காப்புரிமைப் பத்திரத்திலேயே ஒரு விளம்பரத்தைச் செருகியிருந்தார். கிராமத்துக் கனவான்கள் இதைத் தாங்களே தள்ளிப் பார்த்தால் பொழுதும் போகும், உடம்புக்கும் நல்லது என்பது அதன் சாரம். உடற்பயிற்சி என்று சொல்லிப் புல்வெட்டியை விற்கும் இந்தத் தந்திரம் நூற்றெழுபது ஆண்டு கழித்து மறுபடியும் பலிக்கும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1832இல் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கித் தயாரிக்கத் தொடங்கியது. பட்டிங் டர்ஸ்லி என்ற ஊருக்குப் போய் வேறு இயந்திரங்களோடு மல்லுக்கட்டினார். இன்றைக்கு எல்லா மெக்கானிக் கடையிலும் கிடக்கும் ஸ்க்ரூ ஸ்பானரின் முன்னோடிகளில் ஒன்று அவர் கையில் உருவானதே. 1846இல் காலமானார். தன் இயந்திரத்தின் மேல் சம்மட்டி விழப்போவதைப் பார்க்க அவர் இல்லை.

லண்டனில் லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானம். ஆட்டத்துக்கு முன்னால் ஆட்டு மந்தையை உள்ளே விட்டுப் புல்லை மேயவைப்பதுதான் அங்கே வழக்கம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புல்வெட்டும் இயந்திரம் ஒன்று அந்த மைதானத்துக்குள் வந்து சேர்ந்தது. ராபர்ட் கிரிம்ஸ்டன் என்ற பிரபு குடும்பத்து கிரிக்கெட் பித்தருக்கு அது பொறுக்கவில்லை. வெளியே போய் மண்வேலை செய்துகொண்டிருந்த கூலியாட்களைக் கூட்டிவந்து, அந்தச் சனியனை அடித்து நொறுக்கச் சொன்னார் என்பது கிரிக்கெட் உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. யார்க்‌ஷயரில் கத்தரி பிடித்த தொழிலாளி வயிற்றுக்காகச் சம்மட்டி தூக்கினான். லார்ட்ஸில் அதே இயந்திரத்தின் பேரன் மேல் ஒரு கனவான் ரசனைக்காகச் சம்மட்டி தூக்கவைத்தார். முன்னவர்களில் சிலர் தூக்கில் தொங்கினார்கள். பின்னவர் பிற்காலத்தில் அந்த மைதானத்தின் கிரிக்கெட் சங்கத்துக்கே தலைவரானார்.

இயந்திரத்தின் உண்மையான எதிரி சம்மட்டியல்ல, அதன் சொந்த எடை. ஸ்காட்லாந்தின் ஆர்ப்ரோத் நகரில் அலெக்சாண்டர் ஷாங்க்ஸ் 1840களின் தொடக்கத்தில் மட்டக்குதிரையைப் பூட்டினார். அகலமான கத்தி, வேகமான வேலை. ஆனால் குளம்பு பட்ட இடமெல்லாம் புல்தரையில் குழி. கடைசியில் குதிரைகளுக்குத் தோல் காலணி தைத்து மாட்டினார்கள். பல்சக்கரங்களின் கடகடப்பு இன்னொரு தலைவலி. 1859இல் லீட்ஸ் நகரத்துத் தாமஸ் கிரீன் பல்சக்கரங்களுக்குப் பதிலாகச் செயினைப் போட்டு, அமைதியைப் பெயரிலேயே வைத்து விற்றார். சத்தமில்லாத புல்வெட்டி என்ற ஆசை அந்த அளவுக்குப் பழையது. அது நிறைவேறுவதற்குள் எவ்வளவு சத்தத்தைக் கேட்க வேண்டியிருந்தது!

இதற்கிடையில் வழுவழுப்பான புல் தன்பாட்டுக்குப் புது விளையாட்டுகளைப் பெற்றெடுத்தது. 1874இல் மேஜர் விங்ஃபீல்டு புல்தரை டென்னிஸுக்குக் காப்புரிமை வாங்கினார். 1877இல் விம்பிள்டன் சங்கத்தில் குதிரை இழுக்கும் புல்தரை உருளை பழுதானது. அதைச் சரிசெய்யப் பணம் திரட்டத்தான் ஒரு டென்னிஸ் போட்டி நடத்தினார்கள். அந்தப் போட்டிதான் முதல் விம்பிள்டன். டென்னிஸ் பந்தின் மேலுறைத் துணியை நெய்வதில் பேர்வாங்கிய ஆலைகளும் ஸ்ட்ரவுட் பகுதியிலேயே இருந்தன. பந்துக்குத் துணியும், பந்து துள்ளும் தரைக்குக் கத்தியும் ஒரே பள்ளத்தாக்கிலிருந்து வந்தன.

அமெரிக்காவில் கதை வேகம் பிடித்தது. அங்கே பிரபுக்கள் இல்லை. ஆனால் ஒவ்வொரு தனிவீட்டுக்கு முன்னாலும் கொஞ்சம் புல் இருந்தது. 1870இல் இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் எல்வுட் மக்குவயர் எடை குறைந்த ஓர் இயந்திரத்தைச் செய்தார். ஒரே ஆள், கூலி வைக்காமல், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தள்ளிவிடக்கூடியது. 1899இல் ஜான் ஆல்பர்ட் பர் என்ற கறுப்பினக் கண்டுபிடிப்பாளர் சக்கரத்தில் புல் சிக்காமலும், சுவரோரம் வரை வெட்டும்படியும் அதைத் திருத்திக் காப்புரிமை பெற்றார். இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் கூட ஒன்றும் குறைந்திருக்காது. மனிதர் தள்ளினார், புல் விழுந்தது, எரிபொருள் காலைச் சாப்பாடு. ஆனால் அது நீராவியின் காலம். எதிலும் ஓர் எஞ்சினைப் பூட்டிப் பார்க்காமல் யாருக்கும் தூக்கம் வரவில்லை.

லங்காஷயர் மாவட்டத்தில் லேலண்ட் என்றொரு சிற்றூர். அங்கே கொல்லுப்பட்டறைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் சம்னர் 1890களில் புல்வெட்டியின் மேல் நீராவி எஞ்சினை ஏற்றினார். கொதிகலன் சூடாகும் வரை தோட்டக்காரர் காத்துக்கிடக்க வேண்டும். எடையோ சொல்லி மாளாது. நீராவிப் புல்வெட்டி நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த எஞ்சின் அனுபவத்தை வைத்து சம்னரும் கூட்டாளிகளும் 1896இல் லங்காஷயர் நீராவி மோட்டார் கம்பெனியைத் தொடங்கி, புல்லை விட்டுவிட்டு வண்டி செய்யப் போனார்கள். அது வளர்ந்து லேலண்ட் மோட்டார்ஸ் ஆனது. அதன் கை கடல் தாண்டி சென்னை எண்ணூருக்கு நீண்டு, 1955இல் அசோக் லேலண்ட் என்ற பெயர் பிறந்தது. தமிழ்நாட்டுச் சாலைகளில் இன்றும் ஓடும் பேருந்துகளின் வம்சாவளியில் ஒரு புல்வெட்டி இருக்கிறது.

நீராவி விட்ட இடத்தைப் பெட்ரோல் பிடித்துக்கொண்டது. 1902இல் ரான்சம்ஸ் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலாவது கென்ட் மாவட்டத்து மாளிகை ஒன்றுக்கும், அடுத்தது கேட்பரி சாக்லேட் நிறுவனத்தின் போர்ன்வில் விளையாட்டுத் திடலுக்கும் போயின. அதே ரான்சம்ஸ் 1926இல் மின்சாரத்தில் ஓடும் புல்வெட்டியையும் விற்றது. ஆம், மின்சாரப் புல்வெட்டி ஏதோ நேற்றுப் பிறந்ததல்ல, இன்றைக்கு நூறு வயது. புகையில்லை, ஸ்டார்ட்டர் கயிறு இழுக்க வேண்டியதில்லை. ஆனால் பின்னாலேயே ஓர் ஒயர் வால்போல வந்தது. அந்த வாலைச் சமாளிக்க முடியாமல் மின்சாரம் பந்தயத்தின் தொடக்கத்திலேயே தடுக்கி விழுந்தது. பெட்ரோல் விழாமல் ஓடியதற்குப் பீச் பழ டப்பா ஒன்றும் காரணம்.

அந்த டப்பா இருந்தது ஆஸ்திரேலியாவில், சிட்னியின் கன்கார்ட் பகுதியில். மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் என்ற பொறியாளர் 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்டு எழுந்தவர். மகன் கல்லூரிச் செலவுக்காக விடுமுறையில் வீடுவீடாகப் புல்வெட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு லேசான இயந்திரம் ஒன்று வேண்டும். அதே கன்கார்ட்டில் லாரன்ஸ் ஹால் என்பவர் 1948இல் செய்து காட்டிய ஒரு முரட்டு இயந்திரத்தை ரிச்சர்ட்சன் பார்த்திருந்தார். உருளையே இல்லாமல், தரைக்கு மேலே மின்விசிறி போலக் கிடைமட்டமாகச் சுழலும் கத்தி. ஒருவர் தள்ள, இன்னொருவர் கயிறு கட்டி இழுக்க வேண்டிய எடை. யோசனை நல்லது, உடம்புதான் பெருத்துவிட்டது.

1952 ஆகஸ்டில் ஒருநாள் ரிச்சர்ட்சன் பழைய இரும்புக் குவியலைக் கிளறினார். சிறுவர்கள் ஓட்டி விளையாடும் தள்ளுவண்டியின் சக்கரங்கள் கிடைத்தன. வில்லியர்ஸ் கம்பெனியின் சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒன்று கிடைத்தது. அதைப் படுக்கப் போட்டதும் அதன் தண்டு செங்குத்தாகக் கீழ்நோக்கி நின்றது. கத்தியை நேராக அதிலேயே மாட்டிவிடலாம். பல்சக்கரம் வேண்டாம், செயின் வேண்டாம். பெட்ரோலுக்குத் தொட்டி? தின்று முடித்த பீச் பழ டப்பா ஒன்று கையில் அகப்பட்டது. முழங்கால் உயரப் புல்லையும் அது கேள்வி கேட்காமல் அடித்துத் தள்ளியது. விக்டர் என்ற தன் நடுப்பெயரைத் திரித்து விக்டா என்று பெயர் வைத்தார். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கில் விற்றது. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் அந்தப் பழ டப்பா இயந்திரத்துக்கு அரங்கின் நடுவில் இடம் கொடுக்கும் அளவுக்கு ஆஸ்திரேலியர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

அந்தக் கத்தி புல்லை வெட்டியது என்பதைவிட அடித்துக் கிழித்தது என்பதே சரி. உருளைக் கத்தி தகட்டோடு சேர்ந்து கத்தரிக்கோலாக நறுக்கும், அதற்கு அதிக வலு வேண்டாம். சுழல்கத்தி வெறும் வேகத்தால் வெட்டுவது, அதற்கு எஞ்சின் இல்லாமல் முடியாது. அதனால் உலகமெங்கும் உருளை ஓரங்கட்டப்பட்டபோது, தள்ளும் மனிதரும் சேர்ந்தே ஓரங்கட்டப்பட்டார். 1960களில் சுவீடனின் கார்ல் டால்மன் மட்டும் காற்றுமெத்தைக் கப்பலைப் பார்த்துவிட்டு, தரையைத் தொடாமல் மிதக்கும் ஃப்ளைமோ என்ற புல்வெட்டியைச் செய்தார். பின்னால் அது ஒயரும் மோட்டாருமாகப் பிரிட்டனின் கையகலத் தோட்டங்களில் இடம்பிடித்தது. அமெரிக்காவின் விரிந்த புல்வெளிகளுக்கு எந்த ஒயர் எட்டும்? அங்கே சனிக்கிழமைக் காலை என்றாலே தெரு முழுக்க எஞ்சின் அலறியது.

அலறலைவிட மோசமானது புகை. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்ரோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிக்கும். எரிந்தும் எரியாததுமாகக் கணிசமான பங்கு அப்படியே வெளியே போய்விடும். கார்களுக்குப் புகைக் கட்டுப்பாடு வந்து, 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கி மாற்றிகள் ஏறின. தோட்டத்து எஞ்சினை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. அத்துனூண்டு எஞ்சின் என்ன செய்துவிடும் என்ற நினைப்பு. கலிஃபோர்னியா தன் முதல் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவர 1995 ஆனது, அமெரிக்க அரசுக்கு 1997 ஆனது. அதற்கு வெகுகாலம் முன்பே ஒருவர் மாற்று ஒன்றைச் செய்து வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் புரூஸ் லாமைஸ்டர் 1969இல் எலெக்-ட்ராக் என்ற சிறு தோட்ட டிராக்டரைக் கொண்டுவந்தார். கோல்ஃப் வண்டியில் போடும் ஈய-அமில பேட்டரிகள் ஆறு, மொத்தம் 36 வோல்ட். புல்வெட்டும், பனி அள்ளும், மரமறுக்கும் ரம்பத்துக்கும் மின்சாரம் கொடுக்கும். சத்தமே இல்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றபோது இதற்கு யோகம் அடித்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். 1970களின் நடுவிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் கையைக் கழுவிக்கொண்டது. ஈய பேட்டரி மலிவுதான், ஆனால் பாரம். பட்டிங்கின் பழைய எதிரி வேறு உருவத்தில் திரும்பி வந்திருந்தது. அதை வீழ்த்தும் ஆயுதம் அந்நேரம் நியூ ஜெர்சியில் ஒரு ஆய்வகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தின் சொந்தக்காரர் உலகத்திலேயே பெரிய எண்ணெய்க் கம்பெனிகளில் ஒன்றான எக்ஸான்!

எண்ணெய் ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற பயத்தில் எக்ஸான் வேறு தொழில்களுக்கும் தூண்டில் போட்டு வைத்திருந்தது. 1972இல் சேர்ந்த பிரிட்டிஷ் வேதியியலாளர் ஸ்டான்லி விட்டிங்ஹாம், இருப்பதிலேயே லேசான உலோகமான லித்தியத்தை வைத்து பேட்டரி செய்தார். சிறிய உருவத்தில் பெரிய வலு. ஆனால் மீண்டும் மீண்டும் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து எதிர்முனையைத் தொட்டுவிடும், உடனே தீ. அந்த ஆய்வகத்துக்கு அடிக்கடி வந்து அலுத்த தீயணைப்புப் படை, லித்தியத் தீயை அணைக்கும் விசேஷ ரசாயனத்துக்கு இனி நீங்களே காசு கொடுக்க வேண்டும் என்று மிரட்டியது. தீயைக்கூட ஒருவாறு அடக்கினார்கள். 1980களின் தொடக்கத்தில் எண்ணெய் விலை சரிந்ததும் எக்ஸானின் பயம் தெளிந்தது, பேட்டரி ஆய்வும் மூடப்பட்டது.

நூல் அறுந்த இடத்தில் வேறொருவர் பிடித்தார். ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் குடினஃப் 1980இல் கோபால்ட் ஆக்ஸைடைப் பயன்படுத்தி மின்னழுத்தத்தை நான்கு வோல்ட் அளவுக்கு உயர்த்திக் காட்டினார். பட்டிங்கின் இயந்திரத்தைத் தொடக்கத்திலேயே வாங்கிய கல்லூரிகள் கொண்ட அதே ஆக்ஸ்ஃபர்ட். பல்கலைக்கழகம் அதற்குக் காப்புரிமை வாங்கக்கூட அக்கறை காட்டவில்லை. ஜப்பானில் அசாஹி கசேய் நிறுவனத்தின் அகிரா யோஷினோ அதைப் படித்தார். தீப்பிடிக்கும் லித்திய உலோகத்தை நீக்கிவிட்டு, மறுமுனைக்கு அவர் தேடியெடுத்தது பெட்ரோலியக் கோக் என்ற கரி. எண்ணெய் சுத்திகரிப்பில் மிஞ்சும் கழிவு! எரியுமா எரியாதா? வெடிபொருள் சோதிக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அந்த பேட்டரியின் மேல் கனமான இரும்புத் துண்டு ஒன்றைப் போட்டார். யார்க்‌ஷயர், லார்ட்ஸ், பிறகு இங்கே. இந்தக் கதையில் இரும்பு ஓங்கி விழுவது இது மூன்றாவது முறை. இந்த முறை ஒன்றும் ஆகவில்லை. லித்தியம்-அயன் பேட்டரி பிறந்தது அந்தக் கணத்தில்தான் என்று யோஷினோ பிறகு சொன்னார்.

1991இல் சோனி அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது, வீடியோ கேமராவுக்காக. பிறகு கைபேசிக்கும் மடிக்கணினிக்கும் போனது. 2005இல் மில்வாக்கி நிறுவனம் துளைபோடும் கருவிகளில் பொருத்தியது. கருவிக் கம்பெனிகளின் பக்கத்து வாசல் தோட்டம்தானே! அடுத்த பத்தாண்டுக்குள், கழற்றி மாட்டும் பேட்டரியோடு, கார்பன் பிரஷ் தேய்மானம் இல்லாத மோட்டாரோடு, ஒயர் என்ற வால் அறுந்த புல்வெட்டி கடைகளுக்கு வந்தது. விட்டிங்ஹாம், குடினஃப், யோஷினோ மூவரும் 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவரும் புல்லை நினைத்து ஆய்வுக்கூடத்துக்குப் போனவர் அல்ல. கம்பளி, கப்பல், பழ டப்பா, கேமரா என்று ஊரார் வீட்டுச் சாமான்களால் வளர்ந்த இயந்திரத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை.

சட்டம் பின்னாலேயே வந்தது. கலிஃபோர்னியாவில் சிறு எஞ்சின்கள் சுமார் 1.67 கோடி, எண்ணிக்கையில் கார்களைவிடச் சுமார் 30 லட்சம் அதிகமாக அப்போது இருந்தன. தொழில்முறை பெட்ரோல் புல்வெட்டி ஒன்றை ஒருமணி நேரம் ஓட்டினால், புகைமூட்டம் உண்டாக்கும் மாசு என்ற கணக்கில், அது ஒரு புதிய டொயோட்டா கேம்ரி காரைச் சுமார் 480 கிலோமீட்டர் ஓட்டியதற்குச் சமம் என்று அந்த மாநிலத்தின் காற்றுவள வாரியம் சொன்னது. லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து லாஸ் வேகாஸ் வரையிலான தூரம் அது. 2021 அக்டோபரில் ஆளுநர் கேவின் நியூசம் சட்டத்தில் கையெழுத்திட்டார். 2024 மாடல் முதல் புதிய தோட்டக் கருவி எஞ்சின்கள் பெரும்பாலானவை புகையே விடக் கூடாது. தோட்ட வேலைக்காரர்கள் கொதித்தார்கள். காலை முதல் மாலை வரை ஓட்ட ஒரு வண்டி நிறைய பேட்டரி வேண்டும், அதை எங்கே வைத்து எப்போது சார்ஜ் ஏற்றுவது? கருவி மாற்ற அரசு ஒதுக்கிய 3 கோடி டாலர் யானைப் பசிக்குச் சோளப்பொரி என்றார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது.

இந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பழைய ஆள் பூனைப் பாதம் வைத்துத் திரும்பிவந்தார். இண்டியானாவின் மன்சி நகரில் 1895இல் தொடங்கிய அமெரிக்கன் லான் மோவர் கம்பெனி, பெட்ரோல் வெள்ளத்தில் போட்டியாளர்கள் ஒவ்வொருவராக அடித்துச் செல்லப்பட்டபோதும் தள்ளும் உருளைப் புல்வெட்டியைச் செய்துகொண்டே இருந்தது. சிறு தோட்டக்காரர்களும், எரிபொருளும் வேண்டாம் சார்ஜரும் வேண்டாம் என்று நினைப்பவர்களும் அதைத் தேடி வந்தார்கள். ஆரஞ்சு நிறப் பிடி போட்ட கத்தரிக்கோலுக்குப் பேர்போன பின்லாந்தின் ஃபிஸ்கார்ஸும் களத்தில் குதித்து, கத்தியும் தகடும் உரசாமலே வெட்டுகிற, அதனால் தள்ளுவதற்கு லேசான ஒன்றை விற்றது. விளம்பரங்களில் உடற்பயிற்சி பற்றிய வரியும் மறக்காமல் இடம்பெற்றது. குச்சி சிக்கினால் நின்றுவிடும், இரண்டு வாரம் வெட்டாமல் விட்டால் உயர்ந்த புல்லின் முன்னால் திகைத்து நிற்கும். சோம்பேறிகளுக்கு ஆனதல்ல. மற்றபடி 1830இன் கத்திதான், எடை மட்டும் இறங்கியிருந்தது.

2023 செப்டம்பரோடு ஹோண்டா நிறுவனம் பெட்ரோல் புல்வெட்டி தயாரிப்பதை அமெரிக்காவில் நிறுத்திக்கொண்டது. கலிஃபோர்னியாவின் சட்டம் புது இயந்திரங்களின் விற்பனையைத்தான் தடுத்தது. ஏற்கெனவே கொட்டகையில் நிற்பதை அது தொடவில்லை. வைத்திருப்பவர் அது பழுதாகி நிற்கும்வரை ஓட்டிக்கொள்ளலாம். ஹோண்டா எஞ்சின்களோ, இலேசில் பழுதாகாதவை என்று பேர் எடுத்தவை.